இடது பக்கம் கிடந்த மவுஸ்

காலையில் கடைக்கு வந்ததும் ஸ்ரீமதி முதலில் பார்ப்பது மவுஸ் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதைத்தான். கைப்பையை ஆணியில் மாட்டுவதற்கு முன்னால், மின்விசிறியைப் போடுவதற்கு முன்னால், ஓரக்கண்ணால் ஒரு பார்வை. பெரும்பாலான நாட்களில் முந்தின நாள் அவள் விட்டுப்போன இடத்தில், கீபோர்டுக்கு வலது பக்கம்தான் இருக்கும். சில நாட்களில் மட்டும் இடது பக்கத்துக்கு வந்திருக்கும். அன்றைக்கெல்லாம் கைப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். பயம் என்றும் அதைச் சொல்லலாம். ஆனால் பயத்துக்காக யாரும் இப்படித் தினமும் காத்துக்கிடக்க மாட்டார்கள்.

அவள் கணவன் மணிகண்டராஜ் இடதுகைக்காரன். சாப்பிடவும் திருநீறு பூசவும் மட்டும் வலது கை. மற்றதெல்லாம் இடது. அவன் போய் மூன்று வருஷமாகிவிட்டது.

கூட்டிப் பெருக்க வரும் பேச்சியம்மாள் மேசையைத் துடைக்கும்போது மவுஸைத் தள்ளி வைத்திருக்கலாம். அதை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஸ்ரீமதி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

கடை சிவகாசி பஜாரில், மாமனார் சங்கரபாண்டியனுடையது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேண்டிய மருந்துச் சாமான், அதாவது கந்தகம், அலுமினியப் பவுடர், பேரியம் எல்லாம் மொத்தமாகக் கொடுக்கிற கடை. முன்னால் கல்லா மேசை, அதற்கு மேலே சாமி படங்கள். பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் கம்ப்யூட்டர். மாமனார் அந்தத் தடுப்பைத் தாண்டி வந்து அவள் பார்த்ததில்லை. "எனக்கு அந்தப் பெட்டி ஒத்துக்கிடாது தாயி" என்பார். 'அவன் பெட்டி' என்றுதான் அதற்குப் பெயர்.

அந்தப் பெட்டிக்குள் மணிகண்டராஜ் ஒரு வீடு கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். கல்யாணமான மறுவருஷம், 2001-இல், ஊரில் ஈமெயில் வைத்திருந்தவர்களையெல்லாம் சேர்த்து ஒரு குரூப் மெயில் ஆரம்பித்தான். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போய்ச்சேரும். சின்னக் கம்பெனி முதலாளிகள், போர்மேன்கள், லேபிள் அச்சடிக்கும் திருத்தங்கல் பிரஸ்காரர்கள், லாரி புக்கிங் ஆட்கள் என்று இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து எழுதுவார்கள். லாரி கிளம்பியாச்சு, மழை மேகம் வருது, பேரியம் கிடைக்குமா, மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா, எல்லாம் அதில்தான். நாளொன்றுக்கு முப்பது நாற்பது என்று கொட்டும்.

மணிகண்டராஜ் அவற்றுக்கு போல்டர் போட்டான். லோடு. மழை. லேபிள். லைசென்ஸ். கல்யாணம் காட்சி. வெட்டிப் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூல் எழுதினான். தலைப்பில் இன்ன வார்த்தை இருந்தால் இன்ன போல்டருக்குப் போ என்று மெசினுக்கு ஒரு கட்டளை. அவன் செத்த மறுவாரம் அவள் முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தாள். கண் முன்னாலேயே புதிய மெயில்கள் ஒவ்வொன்றாக வந்து, ஒரு நொடி நின்று, தத்தம் இடத்துக்குப் போயின. அவன் பக்கத்தில் நின்று எடுத்து வைக்கிற மாதிரி இருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா அப்போதே கூப்பிட்டாள். "பிள்ளையா குட்டியா, அங்க இருந்து என்ன செய்யப்போற? வந்துரு." ஸ்ரீமதி, ஆபீஸ் வேலை இருக்கிறதே என்றாள். மூன்று வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தன் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவனை விட்டுவிட்டு எப்படிப் போவது?

போல்டர்களில் ஒன்றுக்குப் பெயர் கிடையாது. பெயருக்குப் பதில் ஒரு சின்னக் கோடு. எழுத்து வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே அதுதான் நிற்கும். அதில் என்ன இருக்கிறது என்று ஸ்ரீமதிக்குத் தெரியும். முதல் மாதத்தில் ஒரே ஒரு முறை திறந்து, இரண்டு தலைப்புகளை வாசித்துவிட்டு மூடியவள்தான்.

இந்த ஊரில் வெடி என்ற சொல்லை நாள் பூராவும் சொல்வார்கள். அது சரக்கின் பெயர். ஆனால் மருந்து கலக்கும் ஒரு ரூமில் அது நடந்துவிட்டால் அப்புறம் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த ரூமுக்கும் கேட்டுவிடும் என்பதுபோல. 'சத்தம் கேட்டுச்சு' என்பார்கள், அதோடு சரி. குரூப் மெயிலில் அதைக்கூட எழுத மாட்டார்கள். 'சாயங்காலம் மீட்டிங் இல்லை' என்று ஒரு வரி வரும். 'பெரிய வேன் வைத்திருப்பவர்கள் எடுத்து வரவும்' என்று வரும். 'விஸ்வநத்தம் பக்கம் இன்று யாரும் போக வேண்டாம்.' படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். யார், எத்தனை பேர் என்று யாரும் எழுதுவதில்லை. செத்தவர் பெயரைப் போடுவதில்லை.

அந்த மெயில்கள்தான் கோட்டுக்குள் போயின. ஒரே ஒரு வித்தியாசம். மற்றவை வந்த கையோடு போய்விடும். இவை மட்டும் ஒரு ராத்திரி இன்பாக்ஸிலேயே கிடந்து, காலையில் ஸ்ரீமதி வரும்போது போயிருக்கும். போயிருக்கிற நாட்களில்தான் மவுஸ் இடது பக்கம் கிடக்கும். இரண்டையும் அவள் சேர்த்து யோசித்ததே இல்லை என்று சொன்னால் பொய். சேர்த்து யோசித்து, யோசித்ததை யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்தாள். அவனுக்கு இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். பாவம், பிடிக்காதா?

2006 தீபாவளி சீசனில் அந்தப் பெட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மெயிலைத் திறந்தால் காபி குடித்துவிட்டு வரலாம். செப்டம்பரில் ஒருநாள் அப்படியே நின்றுவிட்டது. திருத்தங்கலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பானுப்பிரியாவை வரச்சொன்னாள். ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்த பானு, பெட்டியைத் தட்டி எழுப்பி உள்ளே பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஏக்கா, தீவாளிக்கு முந்தின நாள் பஸ் மாதிரியில்ல இருக்கு. படியில எல்லாம் தொங்குது. அஞ்சு வருஷத்து மெயிலையும் இதுக்குள்ளயே வச்சிருந்தா அது சாகாம என்ன செய்யும்?"

"காப்பாத்த முடியுமா பானு?"

"மெயிலக் காப்பாத்திரலாம். எல்லாத்தையும் நெட்டுல ஏத்திருதேன். ஆனா இம்புட்டு போல்டர் எதுக்கு? பலசரக்குக் கடையில டப்பா அடுக்குன மாதிரி? இப்ப யாருக்கா அடுக்குறா? மொத்தத்தையும் ஒரே குவியலாக் கொட்டிரலாம். எந்த வார்த்தை எந்த மெயில்ல இருக்குன்னு மெசினே ஒருதடவ பூராத்தையும் வாசிச்சு மனசுல வச்சுக்கிடும். நீங்க வார்த்தையச் சொன்னா அது எடுத்து நீட்டும். இண்டெக்ஸுன்னு பேரு."

"ரூல் எல்லாம்?"

"குவியலுக்கு எதுக்கு ரூல்? நீங்க ஒண்ணு."

மதியம் வரை அது வாசித்தது. பானு தூக்குவாளியில் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைப் பாதி ஸ்ரீமதிக்கும் கொடுத்துவிட்டு, "ஏதாச்சும் ஒரு வார்த்தை அடிங்கக்கா, பாப்போம்" என்றாள்.

ஸ்ரீமதியின் விரல்கள் யோசிக்காமல் அவன் பெயரை அடித்தன.

திரை நிரம்பியது. கீழே இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. 'சின்னச்சாமி அண்ணே, லோடு ஏத்தியாச்சு, டிரைவர் மட்டும் இன்னும் டீக்கடையில.' 'மழை வராதுன்னு சொன்னவர் யாரு, கொஞ்சம் குடையோட வாங்க.' 'எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், இன்னும் உயிரோட இருக்கேன், சாட்சி: மணிகண்டராஜ்.' அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இதையெல்லாம் அவன் எழுதியதே அவளுக்குத் தெரியாது. லோடு என்றும் மழை என்றும் தனித்தனி அறைகளுக்குள் கிடந்தவன் அத்தனை கதவையும் திறந்துகொண்டு ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கடைசி மெயில்வரை போனாள். லேபிள் பிரஸ்காரருக்கு எழுதியது. 'நாளைக்கு நேரில் வந்து பார்க்கிறேன்.' அதற்கு மேல் எதுவும் இல்லை. அந்த நாளைக்கு, சரக்கின் சாம்பிள் கொடுக்க ஒரு கம்பெனிக்குள் போனவன்தான்; அங்கே சத்தம் கேட்டது. அதைப்பற்றி ஒரு மெயிலும் வரவில்லை. வரவில்லை என்றால், அவன் பெயர் போட்டு ஒருவரும் எழுதவில்லை. இந்தக் குவியலுக்குள் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடினாலும் மணிகண்டராஜ் சாகவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான்.

ஸ்ரீமதி மறுபடி மேலே போய் அந்தக் கல்யாண மெயிலை இன்னொரு தடவை வாசித்தாள். போதும், இது போதும் என்று தோன்றியது. போல்டர்கள் போகட்டும். முக்கியமாக அந்தக் கோடு போகட்டும்.

"போல்டர எல்லாம் எடுத்துரு பானு" என்றாள்.

"அதுக்கு முன்னாடி ரூல ஒருதடவ பாத்துக்கிடுதேன். மெயில பாதி வழியில இழுத்துட்டுப் போயிருச்சுன்னா என்னயத் திட்டக்கூடாது." பானு எதையோ திறந்து விரலால் எண்ணினாள். "லோடு, மழை, லேபிள்... எல்லாம் சரியாப் போட்டிருக்காரு அண்ணன். இந்தக் கோட்டுக்கு மட்டும் ரூலே இல்லையே."

"இருக்கும். நல்லாப் பாரு."

"இல்லக்கா. இதுக்குள்ள கிடக்குறதுக்கு எப்படி ரூல் போட முடியும்? பாருங்க, ஒண்ணுல மீட்டிங் இல்லங்குறாக, ஒண்ணுல வேன் கேக்குறாக, ஒண்ணுல கடை லீவுங்குறாக. ஒரு வார்த்தை கூடப் பொதுவா இல்ல. வெடின்னு தேடுனா ஆயிரக்கணக்குல ஆர்டர்தான் வருது, இதுல ஒண்ணுகூட வரல. ஆக்சிடென்டுன்னு போட்டா இன்சூரன்ஸ்காரன் வாரான். மெசினுக்கு இதெல்லாம் ஒரே சாதின்னு எப்படித் தெரியும்? வாசிச்சுப் பாத்து, புரிஞ்சு, ஒரு ஆள்தான் கையால எடுத்துப் போட்டிருக்கணும்." பானு திரையை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். "போன மாசத்து மெயில்கூட இதுல இருக்கே. நீங்கதானக்கா போட்டீக?"

ஸ்ரீமதி மேசையில் கிடந்த மவுஸைப் பார்த்தாள்.

அப்போது கண்ணாடித் தடுப்பு ஒருமுறை அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. தூரத்தில் யாரோ பெரிய கதவை ஓங்கிச் சாத்தினதுபோல.

பஜார் முழுக்கப் பேச்சு நின்றது. எல்லோரும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். எதிர்க்கடைக்காரர், "எந்தப் பக்கம்?" என்றார். "மேக்க" என்றது ஒரு குரல். சங்கரபாண்டியன் கல்லாவை விட்டு எழுந்து தெருவில் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பானுவின் முகத்தில் இரத்தமே இல்லை. அவள் அம்மா சண்முகத்தாய் விஸ்வநத்தத்தில் திரி வைக்கிற வேலைக்குப் போகிறவள். அதுவும் மேற்குதான். ஸ்ரீமதி கேட்காமலே போனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கம்பெனி வாசலில் இருக்கும் பெட்டிக்கடை நம்பரை பானு மூன்று முறை தப்பாக அழுத்தினாள்.

"பலவேசம் மாமாவா? நான் பானு... எங்கம்மா வெளிய வந்துட்டாகளா?... நல்லாப் பாத்துச் சொல்லுங்க... என்ன சேலை?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "சரி. சரி மாமா. வீட்டுக்குப் போகச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அம்மா அங்கனதான் நிக்காகளாம். இது அதுக்கும் அங்கிட்டு. தாயில்பட்டி போற வழியில." பிறகு, "நாளைக்கு வந்து முடிச்சுத் தாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் இரண்டு மெயில் வந்தது. ஒன்று, 'நாளை சங்கக் கூட்டம் இல்லை.' அது நின்ற இடத்திலேயே நின்றது. மற்றதன் தலைப்பு, 'தாயில்பட்டிக்கு லோடு அனுப்ப வேண்டாம்.' அதில் லோடு என்ற சொல்லைக் கண்டதும் ரூல் அதைத் தூக்கிக்கொண்டு போய் லோடு போல்டரில் போட்டது. தினமும் பார்க்கிற காரியம்தான். அன்றைக்குத்தான் அவளுக்கு அது மூடத்தனமாகத் தெரிந்தது. அங்கே எரிந்துபோனவர்களை லாரிக் கணக்கோடு சேர்த்துவிட்டு, மெசின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றது.

அவள் எதையும் தொடவில்லை. மவுஸை வலது பக்கம் நன்றாகத் தள்ளி வைத்துவிட்டுக் கிளம்பினாள். காலையில் லோடிலிருந்து அது வெளியே வந்திருந்தால், அது மெசின் செய்கிற வேலை இல்லை. அப்படியானால் யார் என்ற கேள்விக்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலோடு படுத்து, அந்தப் பதிலோடு எழுந்தாள். நிஜமாகவே அவனாக இருந்துவிட்டால் என்ன கேட்பது என்றுகூட யோசித்துவிட்டாள். சாப்பிட்டீகளா என்றுதான் வாயில் வந்தது.

விடிந்ததும் மாமியாரிடம் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே பஜாருக்கு நடந்தாள். மாமனார் வழக்கம்போல முன்னாலேயே கடை திறந்து விளக்கேற்றப் போயிருந்தார். கடையின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. சாம்பிராணி வாசனை தெருவரை வந்தது. குனிந்து உள்ளே போனாள்.

கல்லாவில் யாரும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் திரை வெளிச்சம் நீலமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு முதுகு. தோள்களைக் கொஞ்சம் முன்னால் வளைத்து, தலையைச் சாய்த்து, இடது கையை நீட்டி மவுஸைப் பிடித்திருந்தது. மணிகண்டராஜ் உட்காருகிற மாதிரியே.

ஸ்ரீமதி தடுப்பை ஒட்டி வந்தாள். கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள். வளையல் சத்தம் கேட்டு முதுகு திரும்பியது.

"தாயி... நீயா" என்றார் சங்கரபாண்டியன். நெற்றியில் திருநீறு இன்னும் ஈரமாக இருந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. "ஒண்ணுமில்ல. சும்மா தூசி தட்டிக்கிட்டு இருந்தேன்."

திரையில் கோட்டு போல்டர் திறந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, 'தாயில்பட்டிக்கு லோடு அனுப்ப வேண்டாம்.'

"நீங்களா மாமா?" என்றாள். அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. "இத்தன நாளும் நீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திருடிப் பிடிபட்டவர்போல இருந்தார்.

"அது லோடுக்குள்ள போயிருச்சு தாயி. வார்த்தையப் பாத்து ஏமாந்து போயிருது. தேடி எடுத்தேன். அவன் இருக்கையில பின்னால நின்னு பாத்திருக்கேன்ல. இதப் பிடிச்சு, அமுக்குனாப்பல இழுத்து, மேல கொண்டுபோய் விடணும். அம்புட்டுத்தான் தெரியும். வேற ஒண்ணும் தொடமாட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"காலையில வந்து உக்காந்ததும் உன் கண்ணுல அதுதான் முதல்ல படணுமா?" என்றார். பிறகு, அவளைப் பார்க்காமலே, "முதல் தடவ ஒரு சத்தம் கேட்டப்ப, இந்த மெயில எதுலப்பா வைக்கன்னு என்கிட்டதான் கேட்டான். தனியா வைன்னேன். என்ன பேரு போடன்னான். பேரு வைக்காதலேன்னேன். ஒரு கோட்டப் போட்டு வச்சான். நம்ம கடைச் சரக்கும் அந்தச் சத்தத்துக்குள்ள இருந்திருக்கும்ல. யாராச்சும் ஒருத்தர் ஒரு எடத்துல எடுத்து வைக்கணும்லா. அவனும் போயிட்டான்னா அதப் பாதியில விட்டுரவா?"

அவருக்குக் கோபம் வந்துவிடும் போலிருந்தது. வரவில்லை. ஸ்ரீமதி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் ரூபாயை எண்ணுவது, தராசைப் பிடிப்பது, எழுதுவது எல்லாம் வலது கையால் செய்கிற மனுஷன்.

"மவுஸ ஏன் மாமா இடது கையில பிடிக்கீக?"

அவர் தன் கையை, வேறு யாருடையதோ போலக் குனிந்து பார்த்தார்.

"இப்படித்தானே பிடிக்கணும்? அவன் இப்படித்தானே பிடிப்பான்?"

"அவுக இடதுகைக்காரர் மாமா. அதனால. மத்தவங்க எல்லாம் வலது கையிலதான் பிடிப்பாக."

"அப்படியா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் இந்தப் பெட்டிக்கே அதுதான் மொறன்னுல்ல நெனச்சேன். சோத்துக்கையால தொடக்கூடாது போலன்னு. அதான் ஒவ்வொண்ணும் வழுக்கி வழுக்கிப் போகுதா? ஒரு மெயில மேல ஏத்தறதுக்குள்ள விடிஞ்சிருதும்மா எனக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த அதே வழியில் வேறொன்றும் வந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை என்று ஊரே பேசியது. எப்படி அழுவாள்? அவன் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தானே. இப்போதுதான் இந்த நாற்காலியை விட்டு எழுந்து போனான். மாமனார் எழுந்து சாமி படத்துப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். விளக்கில் எண்ணெய் இருந்தும் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

வெகுநேரம் கழித்து, "மாமா, அன்னிக்கு வந்தது எது?" என்று கேட்டாள்.

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. வந்து உட்கார்ந்தார். அவள் சொன்னதை மறந்து மறுபடி இடது கையால்தான் பிடித்தார். பட்டியலைக் கீழே இறக்கினார். எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்திருந்தது அவருக்கு. யாரோ ஒரு போர்மேன் எழுதிய மெயில். இரண்டே வரி.

'இன்று அண்ணாச்சி கடை திறக்காது. அவசரமாகச் சரக்கு வேண்டியவர்கள் விருதுநகரில் எடுத்துக்கொள்ளவும்.'

அவ்வளவுதான். ஸ்ரீமதி அதை மூன்று முறை வாசித்தாள். பெயர் இல்லை. எப்படி என்று இல்லை. எந்த வார்த்தையைப் போட்டாலும் எந்த மெசினும் இதை எடுத்து நீட்டாது. நேற்று மதியம் குவியலுக்குள் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இங்கே இரண்டு வரிக்குள் படுத்திருந்தான். இந்த இடத்துக்கு அவள் ஒருமுறைகூட வராமல், வேறொருவர் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்பாக்ஸில் நேற்று வந்த மற்ற மெயில் இன்னும் கிடந்தது. "இருங்க, நான் வைக்கேன்" என்று அவர் கைக்குக் கீழிருந்து மவுஸை வாங்கினாள். இடது பக்கத்திலிருந்தே, தன் இடது கையால் இழுத்துப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் காட்சியில் விழுந்தது.

"அங்கன இல்ல தாயி" என்றார் அவர் பதறிப்போய். "மேல. இன்னும் மேல."

பானு வரும்போது மணி பதினொன்று. வந்த வேகத்திலேயே வேலையில் இறங்கினாள். "எல்லாப் போல்டரையும் கலைச்சிரவாக்கா?"

"கலைச்சிரு. மேல இருக்குற கோட்ட மட்டும் விட்டுரு."

"நேத்து எல்லாத்தையும் எடுக்கணும்னு பறந்தீக?"

"இப்ப வேண்டாங்குறேன்."

"சரி, ஒரு பேராச்சும் வைங்க. புதுசாப் பாக்குறவுகளுக்கு என்னன்னு தெரிய வேண்டாமா?"

கல்லாவில் இருந்த தலை லேசாக நிமிர்ந்தது. "தெரிஞ்சவுகளுக்குத் தெரியும்" என்றாள் ஸ்ரீமதி. பானு அவளையும், கல்லாவையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தின நாள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மதியத்துக்குள் லோடும் மழையும் லேபிளும் ஒரே கடலாகக் கலந்துவிட்டன. கரையில் ஒரு கோடு மட்டும் நின்றது.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். எப்போதும்போல, எப்போ வாற என்றாள். ஆபீஸ் வேலை இருக்கிறது என்ற வாக்கியம் ஸ்ரீமதியின் வாய்வரை வந்து நின்றுவிட்டது. "தீவாளி முடியட்டும்மா, பாப்போம்" என்றாள். அந்தப் பக்கம் அம்மா, "பாப்போமா?" என்று திருப்பிக் கேட்டாள்.

கடையை விட்டுக் கிளம்பும்போது குரூப்பில் ஒரு மெயில் வந்தது. 'வெள்ளிக்கிழமை பூஜைக்கு யாரும் மேளம் சொல்ல வேண்டாம்.' ஸ்ரீமதி வாசித்தாள். தாயில்பட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் இன்னும் யாரோ போய்விட்டார்கள். அதை அவளே எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. காலையில் விளக்கேற்றிவிட்டு வருகிறவருக்கு ஒரு வேலை இருக்கட்டும். மவுஸை எடுத்து அவருக்கு வாகாக இடது பக்கம் வைத்தாள். வைத்துவிட்டு, அது கிடக்கும் அழகைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

மறுநாள் காலை வந்து, கைப்பையை ஆணியில் மாட்டுவதற்கு முன்னால், பழக்கத்தில் கண் மேசைக்குப் போனது. மெயில் கோட்டுக்குள் போயிருந்தது. மவுஸ் வலது பக்கம் கிடந்தது.